வினையைத் தேடிப் பிடித்தல்: ஆங்கில அறிவியல் கட்டுரைகளைப் படிக்கத் தொடங்குவோருக்கு

பர்மாவில் உயர்நிலைப் பள்ளியின் மேல்வகுப்பு அறிவியல் பாடநூல்கள் ஆங்கிலத்தில் அச்சாகின்றன. ஆசிரியர் அவற்றைப் பர்மிய மொழியில் விளக்குகிறார். மாணவர் வீட்டுக்கு வந்து தமிழில் பேசுகிறார். தேர்வு நாளில் ஆங்கிலப் பத்திகளை வரி பிசகாமல் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வருகிறார். மூன்று மொழிகளுக்கு நடுவே ஒரே ஒரு பழக்கம் மட்டும் விடுபட்டுப் போகிறது. அந்த ஆங்கிலப் பத்தியை யாருடைய துணையும் இல்லாமல் படித்துப் பொருள் கொள்ளும் பழக்கம் அது. பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகு, எவரும் விளக்கிச் சொல்லாத ஒரு பத்துப் பக்க ஆய்வுக் கட்டுரை கைக்கு வரும்போதுதான் இந்தக் குறை தெரிய வருகிறது.

யாங்கோனில் என் வீட்டு முன்கூடத்தில் பல ஆண்டுகளாக உயிரியலும் வேதியியலும் டியூஷன் எடுத்து வருகிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் தமக்கு ஆங்கிலச் சொற்கள் போதவில்லை என்றே முறையிடுகிறார்கள். அகராதியைக் கையில் கொடுத்து, எல்லாச் சொற்களுக்கும் பொருள் எழுதச் சொல்லி, பிறகு வாக்கியத்தின் கருத்து என்ன என்று கேட்டால், அப்போதும் தவறாகவே சொல்கிறார்கள். ஆகவே குறை சொல்லில் மட்டும் இல்லை. சொற்கள் நிற்கும் வரிசையில் இருக்கிறது என்பது என் முடிவு. தமிழும் வினையை வாக்கியத்தின் கடைசியில் வைக்கும் மொழி. பர்மிய மொழியும் அப்படியே. "தி" என்று எழுத்திலும் "தெ" என்று பேச்சிலும் பர்மிய வாக்கியம் முடியும்வரை காத்திருந்து பொருள் கொள்வதற்கு நம் காது பழகியிருக்கிறது. ஆங்கில அறிவியல் வாக்கியமோ வினையை நடுவில் எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டு, அதற்குப் பின்னும் நெடுந்தூரம் போகிறது. இறுதிவரை காத்திருக்கும் வாசகர், தாம் காத்திருந்த வினை ஏற்கெனவே கடந்து போய்விட்டதை அறிவதில்லை.

கீழே உள்ள படிகள் மருத்துவம், விலங்கியல், வேதியியல் முதலிய துறைகளில் முதல் ஆய்வுக் கட்டுரையைக் கையில் எடுப்பவரை எண்ணி எழுதியவை. பாடநூலுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முதற்படி: கட்டுரையின் வரிசையை மாற்றிக் கொள்ளுங்கள்

ஆய்வுக் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே எலும்புக்கூட்டைக் கொண்டவை. தலைப்புக்குக் கீழே ஆப்ஸ்ட்ராக்ட் என்னும் சுருக்கம், பிறகு முன்னுரை, செய்முறை, முடிவுகள், விவாதம், கடைசியில் மேற்கோள் பட்டியல் என்று அவை செல்லும். இந்த வரிசை எழுதியவருக்கும் சரிபார்ப்பவருக்கும் வசதியானது. புதிதாகப் படிப்பவர் இதே வரிசையில் போனால் செய்முறைப் பகுதியிலேயே சோர்ந்து விடுவார். எந்தக் கருவி, எந்த வெப்பநிலை, எத்தனை மில்லிலிட்டர் என்று நிறையும் அந்தப் பகுதியை, கேள்வி என்னவென்று தெரியாத ஒருவர் படிப்பதில் பயனில்லை.

ஆகவே முதலில் தலைப்பையும் சுருக்கத்தையும் படித்துவிட்டு, நேராக முன்னுரையின் கடைசிப் பத்திக்குப் போங்கள். "நாங்கள் இங்கே இதைக் கண்டறிய முயன்றோம்" என்பதை ஆசிரியர்கள் வழக்கமாக அங்கேதான் சொல்வார்கள். அந்த ஒரு வாக்கியத்தை உங்கள் குறிப்பேட்டில் ஒரு கேள்வியாக மாற்றி, தமிழிலோ பர்மிய மொழியிலோ எழுதிக்கொள்ளுங்கள். பிறகு படங்களையும் அட்டவணைகளையும் அவற்றின் கீழுள்ள விளக்கக் குறிப்புகளோடு பாருங்கள். அடுத்து விவாதப் பகுதியின் முதற்பத்தி. பெரும்பாலும் கட்டுரையின் தலையாய விடை அங்கே இருக்கும். கேள்வியும் விடையும் கைக்கு வந்த பிறகு முடிவுகள் பகுதியையும், அந்த விடை எவ்வாறு கிடைத்தது என்ற ஐயம் எழும் இடங்களில் மட்டும் செய்முறைப் பகுதியையும் படியுங்கள். முன்னுரையின் முதல் பத்திகளைக் கடைசியில் படித்தாலும் குற்றமில்லை.

பாடநூலில் இதே வேலையை அத்தியாயத்தின் இறுதியிலுள்ள வினாக்கள் செய்கின்றன. அவற்றை முதலில் படித்துவிட்டு அத்தியாயத்துக்குள் நுழையுங்கள்.

இரண்டாம் படி: முதன்மை வினையைக் கண்டுபிடியுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும் என்பேன். ஒரு மாலையில் நடந்ததைச் சொன்னால் காரணம் விளங்கும். மருத்துவம் படிக்கும் என் அண்ணன் மகள் மலேரியாவைப் பற்றிய ஒரு பாடக்குறிப்பை எடுத்து வந்திருந்தாள். அதில் இப்படி ஒரு வாக்கியம்: "தி கிராஜுவல் ஸ்ப்ரெட் ஆஃப் ட்ரக்-ரெசிஸ்டன்ட் பாரசைட்ஸ் அலாங் தி பார்டர், வேர் செவரல் எர்லியர் ட்ரீட்மென்ட்ஸ் ஹேட் ஆல்ரெடி லாஸ்ட் மச் ஆஃப் தேர் எஃபெக்ட், த்ரெட்டன்ஸ் தி கன்ட்ரோல் ஆஃப் மலேரியா இன் தி ரீஜன்."

அவள் இரண்டு முறை படித்துவிட்டு, "சித்தப்பா, எல்லைப் பக்கம் இருக்கிற ஒட்டுண்ணிக்கு வீரியம் கொறஞ்சு போச்சுன்னுதானே எழுதியிருக்கு? அப்ப நல்ல சேதிதானே?" என்று கேட்டாள். அவளுக்கு அந்த வாக்கியத்தில் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் பொருள் தலைகீழாகிவிட்டது. "லாஸ்ட்" என்பதை வாக்கியத்தின் வினை என்று பிடித்துக்கொண்டு, அதற்கு முன்னால் கண்ட "பாரசைட்ஸ்" என்பதை அதன் எழுவாயாக்கி விட்டாள்.

பென்சிலை அவள் கையில் கொடுத்து மூன்று வேலைகளைச் செய்யச் சொன்னேன். முதலில், இரண்டு காற்புள்ளிகளுக்கு நடுவே "வேர்" என்று தொடங்கும் துண்டை முழுவதும் அடைப்புக் குறிக்குள் இடச் சொன்னேன். வேர், விச், ஹூ, தேட் என்று தொடங்கும் துண்டுகள் முன்னால் நிற்கும் பெயரை விளக்க வந்தவையே தவிர, வாக்கியத்தின் முதுகெலும்பு அல்ல. இரண்டாவதாக, ஆஃப், இன், அலாங், வித், பை போன்ற சிறு சொற்களில் தொடங்கும் தொடர்களை மெல்லிய கோட்டால் அடிக்கச் சொன்னேன். மூன்றாவதாக, மிஞ்சியதைப் படிக்கச் சொன்னேன். "ஸ்ப்ரெட் த்ரெட்டன்ஸ் கன்ட்ரோல்" என்பது மட்டுமே மிஞ்சியது. பரவல், கட்டுப்பாட்டை அச்சுறுத்துகிறது. எழுவாயின் தலைச்சொல் மூன்றாவது சொல்லாக நிற்க, அதன் வினை இருபத்தோராவது சொல்லாக வருகிறது. இடையில் நிற்கும் பதினேழு சொற்களில் எவரும் வழி தவறலாம். அடித்தவற்றை ஒவ்வொன்றாக மீண்டும் சேர்த்தபோது, வீரியம் இழந்தவை பழைய மருந்துகள் என்பதும், ஒட்டுண்ணிகள் அல்ல என்பதும் அவளுக்கே தெரிந்துவிட்டது.

இது நமக்குப் புதிய வித்தை அன்று. செய்யுளுக்குப் பொருள் கொள்ளும் முறையை நம் இலக்கணத்தார் பொருள்கோள் என்று பெயரிட்டு எட்டு வகையாகப் பிரித்தார்கள். சொற்கள் நிற்கும் வரிசையில் பொருள் அமையாதபோது, வேண்டிய சொற்களை வேண்டிய இடத்திலிருந்து எடுத்து இணைத்துக் கொள்வதற்குக் கொண்டுகூட்டு என்று பெயர். கோயில் தமிழ் வகுப்பில் பாட்டைப் பிரித்துச் சொற்களை இணைத்துப் பொருள் சொன்ன எவரும் ஆங்கில வாக்கியத்துக்கும் அதையே செய்யலாம். அதே எட்டில் நிரனிறை என்றும் ஒன்று உண்டு. பெயர்களை ஒரு வரிசையாகவும் அவற்றுக்குரிய பயன்களை மற்றொரு வரிசையாகவும் நிறுத்தினால், முதலாவதை முதலாவதோடும் இரண்டாவதை இரண்டாவதோடும் பொருத்திக்கொள்ள வேண்டும். ஆங்கிலக் கட்டுரைகளில் "ரெஸ்பெக்டிவ்லி" என்ற சொல்லைக் காணும் இடமெல்லாம் நிரனிறைதான். ஏ, பி, சி என்ற மூன்று குழுக்களில் முறையே 12, 30, 41 பேர் குணமடைந்தனர் என்றால், எண்களைக் குழுக்களுக்கு நேராக அம்புக்குறியிட்டு எழுதிக்கொள்ளாமல் மேலே போகாதீர்கள்.

மூன்றாம் படி: பெயராகிவிட்ட வினையை மீட்டெடுங்கள்

அறிவியல் ஆங்கிலம் வினைகளைப் பெயர்களாக உறைய வைக்கும் இயல்புடையது. அழி என்பதை அழிவு என்றும், பரவு என்பதை பரவல் என்றும் தமிழ் தொழிற்பெயராக்குவது போல, அங்கே இன்ஹிபிஷன், ரிடக்ஷன், ட்ரீட்மென்ட், எமர்ஜென்ஸ், ரிமூவல் என்று வரும். ஷன், மென்ட், ன்ஸ் என்று முடியும் சொல்லைக் கண்டவுடன் நின்று, யார், எதை, என்ன செய்தார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். "என்சைம் இன்ஹிபிஷன் பை தி ட்ரக்" என்பதை "மருந்து நொதியைத் தடுக்கிறது" என்று வினையாக விரித்தால் பாதிப் பாரம் இறங்கிவிடும். செய்தவர் பெயர் எங்கேயும் இல்லாமல் "வாஸ் மெஷர்ட்", "வேர் கலெக்டட்" என்று செயப்பாட்டு வினையாக வந்தால், செய்தவர்கள் பெரும்பாலும் கட்டுரையாசிரியர்களே.

பெயர்களை வரிசையாக அடுக்கும் இடத்தில் மட்டும் தமிழருக்கு ஒரு வசதி உண்டு. "பாரசைட் கிளியரன்ஸ் ஹாஃப்-லைஃப்" என்ற அடுக்கில் தலைமைச் சொல் கடைசியில் நிற்கிறது. நம் தொகைச் சொற்களிலும் அப்படித்தான். "ஒட்டுண்ணி நீக்க அரைக்காலம்" என்று, அதாவது ஒட்டுண்ணிகளின் எண்ணிக்கை பாதியாகக் குறையப் பிடிக்கும் நேரம் என்று, வரிசை மாறாமல் அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஆஃப் இட்டு எழுதியிருந்தால்தான் வலமிருந்து இடமாகத் திருப்ப வேண்டும். இந்த வேறுபாட்டை ஒரு முறை கண்டுகொண்ட மாணவர்கள் பிறகு நீளமான பெயரடுக்குகளுக்கு அஞ்சுவதில்லை.

நான்காம் படி: எந்தச் சொல்லை அகராதியில் பார்ப்பது

எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம். ஒரு பக்கத்தில் தெரியாத சொற்கள் இருபது இருந்தால், கட்டுரையின் கேள்வியோடு தொடர்புடையவையும், மூன்று முறைக்கு மேல் வருபவையும் மட்டுமே பார்க்கத் தகுந்தவை. மற்றவை ஒரு செடியின் பெயராகவோ வேதிப்பொருளின் பெயராகவோ இருக்கும். "ஏதோ ஓர் உப்பு" என்று எண்ணிக்கொண்டு கடந்து செல்லலாம்.

துறைச் சொற்களைவிட, எல்லாத் துறைகளிலும் திரும்பத் திரும்ப வரும் பொதுச் சொற்களைக் கற்பது அதிக ஆதாயம் தரும். நியூசிலாந்தைச் சேர்ந்த மொழியியலாளர் ஆவரில் காக்ஸ்ஹெட் 2000-ஆம் ஆண்டில் அத்தகைய சொற்களைத் தொகுத்து 570 சொற்குடும்பங்களாகப் பட்டியலிட்டார். கல்விசார் ஆங்கில நூல்களில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குச் சொற்கள் இந்தச் சிறு பட்டியலுக்குள் அடங்கிவிடுகின்றன. நாளுக்குப் பத்தாக எடுத்துக்கொண்டால் இரண்டே மாதங்களில் முடியும். மனப்பாடம் செய்யும் நம் பழக்கத்தைப் பலர் இகழ்கிறார்கள்; நான் இகழ மாட்டேன். அந்தத் திறனைப் பத்திகளை ஒப்பிப்பதில் வீணாக்காமல் இந்தப் பட்டியலிலும் கிரேக்க, இலத்தீன் சொற்கூறுகளிலும் செலவிட்டால் போதும். ஹைப்போ என்றால் குறைவு, ஹைப்பர் என்றால் மிகை, லைசிஸ் என்றால் சிதைவு, ஐட்டிஸ் என்றால் அழற்சி, ஈமியா என்றால் இரத்தத்தைச் சார்ந்தது, ஏஸ் என்று முடிந்தால் பெரும்பாலும் நொதி, ஓஸ் என்று முடிந்தால் பெரும்பாலும் சர்க்கரை. கிளைக் என்பது சர்க்கரையைக் குறிக்கும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், ஹைப்போகிளைசீமியா என்பதை இனி அகராதியில் தேட வேண்டியதில்லை.

தெரியாத சொல்லைவிடத் தெரிந்த சொல்லே அதிகம் ஏமாற்றும். "கல்ச்சர்" என்பது நுண்ணுயிரியலில் ஆய்வகத்தில் வளர்த்தெடுப்பதைக் குறிக்கும். "சிக்னிஃபிகன்ட்" என்பது புள்ளியியலில் முக்கியமானது என்று பொருள்படாது. உண்மையில் வேறுபாடே இல்லை என்று வைத்துக்கொண்டால் இத்தகைய முடிவு தற்செயலாகக் கிடைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு, வழக்கமாக 5 விழுக்காட்டுக்கும் கீழ், என்று மட்டுமே பொருள்படும். மிக அற்பமான வேறுபாடும் சிக்னிஃபிகன்டாக இருக்கலாம். "ரெசிஸ்டன்ஸ்" என்பதும் அப்படியே. ஆர்டிமிசினின் என்னும் மலேரியா மருந்தைக் கண்டறிந்த சீன அறிஞர் தூ யூயூவுக்கு 2015-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அந்த மருந்துக்கு எதிர்ப்பு தோன்றிவிட்டது என்ற செய்தி முதலில் மேற்குக் கம்போடியாவிலிருந்து வந்தது. பிறகு பர்மாவிலும் அது காணப்பட்டது. இங்கே எதிர்ப்பு என்றால் மருந்து அறவே வேலை செய்யவில்லை என்று பொருளில்லை. இரத்தத்திலிருந்து ஒட்டுண்ணிகள் நீங்க வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கிறது என்றே பொருள். செய்தித்தாளில் வரும் சொல்லுக்கும் கட்டுரையில் வரும் அதே சொல்லுக்கும் இடையே இத்தனை தூரம் இருக்கும்.

கைபேசி மொழிபெயர்ப்பியை முற்றாக ஒதுக்கச் சொல்ல நான் யார்? ஆனால் முழுப் பத்தியை அதில் போட்டுப் பர்மிய மொழியிலோ தமிழிலோ படிப்பதை நான் ஏற்பதில்லை. என்னிடம் வந்த ஒரு தம்பியின் குறிப்பேட்டில் "பிளட் கல்ச்சர்" என்பது "இரத்தப் பண்பாடு" என்று நடு வரியில் கம்பீரமாக நின்றது. மலேரியாவைப் பர்மியர் "பறவைக் காய்ச்சல்" என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். அதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் கோழிகளுக்கு வரும் நோய் என்றல்லவா எண்ணுவோம்! தனிச்சொல்லுக்குக் கருவியை நாடுங்கள்; வாக்கியத்தை நீங்களே பிரியுங்கள்.

ஐந்தாம் படி: வரைபடத்தின் அச்சுகளை முதலில் படியுங்கள்

வரைபடத்தில் கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்குமுன், கிடை அச்சில் என்ன இருக்கிறது, குத்தச்சில் என்ன இருக்கிறது, அலகு என்ன என்பவற்றை ஒரு வாக்கியமாக எழுதுங்கள். குத்தச்சில் 10, 100, 1,000, 10,000 என்று எண்கள் சம இடைவெளியில் நின்றால் அது மடக்கை அளவுகோல். அங்கே ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. கண்ணுக்குச் சிறிதாகத் தோன்றும் இறக்கம் உண்மையில் மிகப் பெரியது.

மேலே சொன்ன ஒட்டுண்ணி நீக்க அரைக்காலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நோயாளிகளின் இரத்தத்தில் ஒரே அளவில் 10,000 ஒட்டுண்ணிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு அரைக்காலம் இரண்டரை மணி, மற்றவருக்கு ஐந்து மணி. பத்து மணி நேரத்தில் முதலாமவருக்கு எண்ணிக்கை நான்கு முறை பாதியாகி 625-க்கு வந்துவிடும். இரண்டாமவருக்கு இரண்டே முறை பாதியாகி 2,500-இல் நிற்கும். மடக்கை வரைபடத்தில் இவை இரண்டும் நேர்கோடுகளாகவே தெரியும். சாய்வு மட்டும் வேறுபடும். அரைக்காலம் ஐந்து மணியைத் தாண்டுவதை எதிர்ப்பின் அடையாளமாக ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்வது வழக்கம். இந்தக் கணக்கை ஒரு முறை கையால் போட்டுப் பார்த்தவருக்கு முடிவுகள் பகுதியின் நீண்ட வாக்கியங்கள் தாமாகவே தெளிந்துவிடும். என் அனுபவத்தில், வாக்கியம் புரியாதபோது வரைபடமும், வரைபடம் புரியாதபோது வாக்கியமும் கை கொடுக்கும். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

புள்ளிகளின் மேலும் கீழும் நீளும் மெல்லிய கோடுகள் எதைக் குறிக்கின்றன என்பதைப் படக்குறிப்பில் தேடுங்கள். சில கட்டுரைகளில் அவை திட்ட விலக்கமாகவும் (அளவுகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பது), சிலவற்றில் 95 விழுக்காட்டு நம்பக இடைவெளியாகவும் (உண்மை மதிப்பு எந்த எல்லைக்குள் இருக்கக்கூடும் என்ற மதிப்பீடு) இருக்கும்; இரண்டும் ஒன்றல்ல. இரு குழுக்களின் வேறுபாட்டுக்குத் தந்திருக்கும் நம்பக இடைவெளி சுழியைத் தன்னுள் அடக்கியிருந்தால், வேறுபாடு உண்டு என்று அந்தத் தரவைக் கொண்டு உறுதியாகச் சொல்ல முடியாது.

ஆறாம் படி: ஐயச் சொற்களுக்கு அடிக்கோடு இடுங்கள்

மே, மைட், சஜெஸ்ட், அப்பியர், லைக்லி, பாஸிப்ளி ஆகிய சொற்களைப் புதியவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். தேர்வுக்கு எழுதும்போது "உண்டாக்கக்கூடும்" என்பது "உண்டாக்குகிறது" என்று ஆகிவிடுகிறது. தமிழில் "மழை வரும்" என்பதும் "மழை வருமாம்" என்பதும் ஒன்றல்ல என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும்; ஆங்கிலக் கட்டுரையிலும் அந்த ஒற்றை எழுத்தின் எடையை உணர வேண்டும்.

நம் நாட்டுப் பொருளிலேயே இதற்கு ஒரு நல்ல பாடம் இருக்கிறது. கச்சின் மாநிலத்தின் ஹூகாங் பள்ளத்தாக்கில் கிடைக்கும் அம்பர் என்னும் கல்லாகிப்போன மரப்பிசின், ஏறத்தாழ 9.9 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த உயிர்களைத் தன்னுள் பொதிந்து வைத்திருக்கிறது. அத்தகைய ஓர் அம்பர்த் துண்டில் இருந்த, இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைந்த நீளமுடைய மண்டையோட்டை வைத்து, ஓக்குலுடென்டாவிஸ் என்று பெயரிட்டு, ரீங்காரச் சிட்டின் அளவுள்ள டைனோசர் இது என்று அறிவித்த கட்டுரை 2020 மார்ச்சில் நேச்சர் இதழில் வெளிவந்தது. உலகெங்கும் செய்தியாயிற்று. அதே ஆண்டு ஜூலையில் ஆசிரியர்களே அதைத் திரும்பப் பெற்றார்கள். அதே வகையைச் சேர்ந்த மற்றொரு மாதிரி கிடைத்து, அது பல்லியினம் என்று தெரியவந்தது காரணம். மிகச் சிறந்த இதழில் வந்ததும் பிழைபடலாம். ஆகவே கட்டுரையைப் படிக்குமுன், அதன் தலைப்பின் அருகிலோ இணையப் பக்கத்தின் மேற்புறத்திலோ "ரிட்ராக்டட்" என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். நண்பர் அனுப்பிய பழைய பிரதியிலோ நகலெடுத்த தாளிலோ அந்த முத்திரை இராது. இதழின் பக்கத்திலேயே சரிபார்க்க வேண்டும்.

ஆசிரியர் தாம் கண்டதையும், அதிலிருந்து ஊகிப்பதையும், பிறர் சொன்னதையும் வேறுவேறாகக் குறிப்பது நல்ல பழக்கம். நான் இதற்கு மூன்று நிறப் பென்சில்களைப் பயன்படுத்துகிறேன். ஒரே பென்சில் உள்ளவர்கள் ஓரத்தில் க, ஊ, பி என்று எழுதினாலும் போதும்.

ஏழாம் படி: மூடி வைத்துவிட்டுச் சொல்லிப் பாருங்கள்

ஒரு பகுதியைப் படித்தவுடன் மீண்டும் அதையே படிப்பது பெரும்பாலோரின் வழக்கம். 2006-இல் அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் இதைச் சோதித்தார்கள். மீண்டும் மீண்டும் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்விலோ, படித்ததை மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். ஆகவே ஒவ்வொரு பகுதி முடிந்ததும் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஐந்து வாக்கியங்களில் எழுதுங்கள் அல்லது சொல்லுங்கள்.

எந்த மொழியில் சொல்வது என்று எல்லோரும் கேட்கிறார்கள். வீட்டில் பாட்டியிடம் பேசும் மொழியில் சொல்லுங்கள் என்பேன். ஆங்கிலத்திலேயே சொன்னால், கட்டுரையின் சொற்றொடர்களை அப்படியே ஒப்பித்துவிட்டுப் புரிந்துவிட்டதாக ஏமாற இடமுண்டு. "என்சைம்", "ஜீன்" போன்ற சொற்களை அப்படியே வைத்துக்கொண்டு, வினைகளை மட்டும் தமிழாக்கிச் சொன்னால், எந்த இடத்தில் யார் எதைச் செய்தார் என்பது தெரியாமல் நா தடுமாறும். அந்தத் தடுமாற்றம் நிகழும் வாக்கியமே நீங்கள் திரும்பப் போய் வினையைத் தேட வேண்டிய வாக்கியம்.

நாளும் நேரமும்

எட்டுப் பக்கக் கட்டுரை ஒன்றை முதன்முறை படிக்க நான்கு மணி நேரம் ஆனால் கவலைப்பட வேண்டாம். அதை ஒரே நாளில் முடிக்கவும் வேண்டாம். முதல் நாள் தலைப்பு, சுருக்கம், முன்னுரையிலுள்ள கேள்வி ஆகியவை மட்டும், அடுத்த நாள் படங்கள், மூன்றாம் நாள் முடிவுகளும் விவாதமும் என்று பிரித்துக்கொள்ளலாம். மின்சாரம் இருக்கும் நேரத்தில் கட்டுரையைத் தரவிறக்கி, முடிந்தால் தாளில் அச்சிட்டுக்கொள்ளுங்கள். மின்வெட்டு நேரத்தில் மெழுகுவர்த்தியோடும் பென்சிலோடும் வாக்கியம் பிரிப்பதற்குத் தாள் போல் உதவுவது வேறில்லை. கட்டணமின்றிப் படிக்க உயிரியல், மருத்துவக் கட்டுரைகள் பப்மெட் சென்ட்ரல் தளத்தில் ஏராளமாகக் கிடைக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2002-இல் தொடங்கிய ஹினாரி திட்டம், குறைந்த வருவாய் நாடுகளின் கல்வி நிறுவனங்களுக்கு இதழ்களைத் திறந்துவிடுகிறது. அது உங்கள் கல்லூரியில் இருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள்.

இருவர் மூவராகச் சேர்ந்து படிப்பது நல்லது; ஆனால் பகுதிகளைப் பங்கிட்டுக்கொண்டு ஆளுக்கொன்றாகப் படிக்காதீர்கள். எல்லோரும் ஒரே பத்தியைப் படித்து, அவரவர் கண்ட முதன்மை வினையை ஒரே நேரத்தில் சொல்லுங்கள். விடைகள் வேறுபடும் வாக்கியங்களில் மட்டும் நின்று வாதிட்டால், ஒரு மணி நேரத்தில் இரண்டு பக்கம் நகரும்.

முதற்கட்டுரை முடிந்ததும் அடுத்ததை எங்கிருந்து எடுப்பது என்ற குழப்பம் வரும். முன்னுரையில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் மேற்கோள் காட்டியிருக்கும் கட்டுரையை மேற்கோள் பட்டியலில் தேடி எடுத்து, அதையே இரண்டாவதாகப் படியுங்கள். துறைச் சொற்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே பழகியிருக்கும். கேள்வியின் ஒரு பாதியும் தெரிந்திருக்கும். குறிப்பேட்டில் தேதியையும் எடுத்துக்கொண்ட நேரத்தையும் எழுதி வையுங்கள். என் அண்ணன் மகளின் குறிப்பேட்டில் முதற்கட்டுரைக்கு எதிரே ஐந்து மணி நேரம் என்றும், இரண்டாவதற்கு எதிரே மூன்றே கால் மணி நேரம் என்றும் இருக்கிறது; மூன்றாவதற்கு எதிரே நேரம் இல்லை, "கரண்ட் போச்சு" என்று மட்டும் எழுதியிருக்கிறாள்.